கடைசி வயலுக்கு முதல் சீட்டு

கடவுளை விட்டுவிட்டு மனிதரைப் பற்றிக்கொள்ள வந்தவர்களுக்கென்று நெடுமடை ஊரின் வடக்கே, குன்றின் அடியில், ஒரு வீடு இருந்தது. அதில் படம் இல்லை. விளக்கு மாடம் இல்லை. முன்பு அங்கே குடியிருந்தவர்கள் மாட்டியிருந்த சாமிப் படங்களின் சதுரத் தடங்கள் மட்டும் சுவரில் வெளுத்துத் தெரிந்தன. அவற்றைப் பூசி மறைக்க வேண்டாம் என்று தையல்நாயகி சொல்லிவிட்டார்.

தையல்நாயகிக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. அவரிடம் பாடம் கேட்க வந்த மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. நீதிமன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகள் நடுவராக அமர்ந்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவரை ஆசான் ‘ஐயா’ என்பார்; ஆசானை மாணவர் ‘அம்மா’ என்பார். அதில் இருவருக்கும் குழப்பம் நேர்ந்ததில்லை.

தொடக்கத்தில் அந்த வீட்டுக்கு ஒன்பது பேர் வந்தார்கள். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் ஒருவர் நின்றார். நோய் கண்டதும் ஒருவர் கோயிலுக்குத் திரும்பினார். மற்றவர்கள் காரணம் சொல்லாமலே நின்றார்கள். இந்த ஆண்டு மாசிலாமணி ஒருவரே மிஞ்சினார்.

அவருக்கு வீட்டிலும் யாரும் இல்லை. மனைவி இறந்தபோது சடங்கு எதுவும் செய்ய மாட்டேன் என்று அவர் நின்றதிலிருந்து மகன்கள் இருவரும் வருவதில்லை. ஊரார் அவரைக் கண்டால் துண்டை இறக்கிவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். மரியாதையாக ஒதுங்கினாலும் ஒதுங்கியது ஒதுங்கியதுதான்.

ஊர் அவரைத் தேடி வந்தது ஒரே ஒரு முறை.

கண்மாயில் தண்ணீர் குறைந்துபோன ஆண்டு அது. கதிர் வெளிவரும் நேரத்தில், இருந்த நீர் மூன்று பாய்ச்சலுக்குத்தான் காணும் என்று தெரிந்தது. பெரிய குடும்பங்களின் வயல்கள் மடையை ஒட்டி இருந்தன. முதல் நீர் அவர்களுக்கு, அடுத்தது அவர்களுக்கு அடுத்தவர்களுக்கு, எஞ்சியது கடைசி வயலுக்கு என்பது பழைய வழக்கம். அந்த ஆண்டு எஞ்சுவதற்கு ஏதும் இராது என்பதால் வாய்ப்பேச்சு கைகலப்பாயிற்று. இரண்டு பேர் மண்டை உடைந்த பிறகு, படித்தவர், யார் பக்கமும் சாயாதவர் என்று மாசிலாமணியிடம் வந்தார்கள்.

அவர் பத்து நாள் உட்கார்ந்து ஒரு சட்டம் எழுதினார். ஏக்கருக்கு ஒரு மணி நேரம் தண்ணீர். யார் முந்தி, யார் பிந்தி என்பதைச் சீட்டு முடிவு செய்யும். குலமோ கோயில் மரியாதையோ முடிவு செய்யாது. வலியவர்கள் எளியவர்களின் முறையை விலைக்கு வாங்கிவிடக் கூடாதே என்று, எடுத்த சீட்டை விற்கவோ மாற்றவோ கொடுக்கவோ கூடாது என்றும் எழுதினார். ஒவ்வொருவர் முறைக்கும் மடையைத் தனியாகத் திறந்து மூட வேண்டும்; திறந்த நொடியிலிருந்து அவருடைய நேரம் கணக்கிடப்படும்.

கண்மாய்க் கரையில் கூடிய ஊர் அதைக் கேட்டு ஒப்புக்கொண்டது. மடையடியில் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருந்த நாச்சியப்பனே முதலில் கை தூக்கினார். இதை மாசிலாமணி எதிர்பார்க்கவில்லை. மனிதரை நம்பியது வீண் போகவில்லை என்று அன்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

சீட்டு எடுத்தபோது முதல் சீட்டு இருளாயிக்கு விழுந்தது. வாய்க்காலின் கடைக்கோடியில் ஒரு ஏக்கரும் அதன் வரப்பில் ஒரு குடிசையுமாகத் தனியாக வாழ்ந்தவர் அவர். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

“இந்த வருசம் முதல் மரியாதை இருளாயிக்குத்தான். மாலை ஒண்ணுதான் குறைச்சல்” என்றார் நாச்சியப்பன்.

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் இருந்தவர் முதலில் வந்து நிற்பதைத் தம் வாழ்நாளில் பார்த்துவிட்டதாக நினைத்தார். இருளாயி மட்டும் சிரிக்கவில்லை. மகிழ்ச்சியில் வாயடைத்து நிற்கிறார் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

முதல் பாய்ச்சல் முடிந்த மூன்றாம் நாள் இருளாயி அவர் வாசலில் வந்து நின்றார்.

“சாமி, தண்ணி வரல.”

அந்தச் சொல் அவருக்குப் பிடிக்காது. சாமி என்று அழைக்க வேண்டாம், மாசிலாமணி என்றே சொல்லுங்கள் என்றார். இருளாயி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மாசிலாமணி உள்ளே போய்க் குறிப்பேட்டை எடுத்து வந்தார். அதில் இருந்தபடி, மடைக்காவலர் வேலாண்டி காலை ஆறு மணிக்கு மடையைத் திறந்திருந்தார். ஏழு மணிக்கு மூடியிருந்தார். மாசிலாமணி தாமே அருகில் நின்று கடிகாரத்தைப் பார்த்திருந்தார்.

“உங்களுக்கு உரிய நேரத்தில் ஒரு நிமிடமும் குறையவில்லை, அம்மா.”

“நேரம் குறையல சாமி. தண்ணிதான் வரல.”

அவர் குறிப்பேட்டை மறுபடியும் காட்டினார். இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. அவர் காட்டிய பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு அவர் வரவேயில்லை.

வந்து சண்டையிட்டிருந்தால் மாசிலாமணி நிம்மதியாக இருந்திருப்பார். வராமல் இருந்ததுதான் அவரை அரித்தது. சில நாள் கழித்து அவர் குன்றடி வீட்டுக்குப் போனார். தையல்நாயகி முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி நடந்ததைச் சொன்னார். சட்டம் நேரானது, ஊர் முழுவதும் ஒப்பியது, நேரம் கொடுக்கப்பட்டது. ஆனாலும் ஒரு வயல் காய்கிறது. அந்தப் பெண் பொய் சொல்கிறவராகத் தோன்றவில்லை என்றார். பிறகு தாம் கேட்க வந்ததைக் கேட்டார்.

“மேலிருந்து பார்ப்பவர் எவரும் இல்லை என்கிறோம். அப்படியானால் ஒருவருக்கு உரியது அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது, அம்மா?”

தையல்நாயகி முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

“கடிகாரத்தை எங்கே நின்று பார்த்தீர்கள்?”

“மடையருகே.”

“அவர் எங்கே நின்றார்?”

“அவருடைய வயலில்.”

“இரண்டாம் பாய்ச்சல் என்றைக்கு?”

“வெள்ளிக்கிழமை.”

“அன்று தண்ணீரோடு நடந்து போங்கள். முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வேலாண்டி மடைப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் கூடவே நடந்தார்.

தண்ணீருக்குத் தலை என்று ஒன்று இருப்பதை அவர் அன்றுதான் கண்டார். சருகையும் ஆட்டுப் புழுக்கையையும் தள்ளிக்கொண்டு, விளிம்பில் நுரை கட்டிக்கொண்டு, வழி விசாரித்துப் போகும் புதிய ஆளைப்போல அது போயிற்று. முதலில் அவர் வேகமாகவே நடக்க வேண்டியிருந்தது. நாச்சியப்பன் வயலருகே வாய்க்கால் செதுக்கிச் சுத்தமாக இருந்தது. ஒவ்வொருவரும் தம் வயலுக்கு முன்னால் உள்ள வாய்க்காலைத் தாமே பேணுவது ஊர் வழக்கம். தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. அரை மணி ஆவதற்குள் கடைசிப் பெரிய வயலைக் கடந்துவிட்டது.

அதற்கு அப்பால் ஒரு புளியமரமும், மரத்துக்கு அப்பால் பொட்டல் நிலமும் இருந்தன. பொட்டல் யாருடையதும் அன்று. அதனூடே போகும் வாய்க்காலும் அப்படியே. பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் பத்து நாள் வெயிலில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பக்கங்களில் நண்டு வளைகள் இருந்தன.

அங்கே தண்ணீர் நடையைக் குறைத்தது. ஒரு வெடிப்பில் இறங்கி, அதை நிரப்பி, மேலே வந்து, இரண்டடி போய், அடுத்த வெடிப்பில் இறங்கிற்று. நண்டு வளை ஒவ்வொன்றும் தன் பங்கைக் குடித்தது. மாசிலாமணி நிற்பதும் ஓரடி வைப்பதுமாக இருந்தார். சில வளைகளில் களிமண் உருண்டைகள் அடைத்திருந்தன. அவற்றின்மேல் விரல் பதிந்த தடம் காய்ந்திருந்தது. யாரோ ஒருவர் ஒற்றையாக வந்து, முடிந்தவரை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவருக்கு அப்போது எல்லாம் விளங்கத் தொடங்கியது. முதல் சீட்டுக்காரர் காய்ந்த வாய்க்காலைத் தம் தண்ணீரால் நனைக்கிறார். பின்னால் வருபவர்கள் நனைந்த வாய்க்காலில் பாய்ச்சுகிறார்கள். மடையடியில் வயல் உள்ளவருக்கு எந்தச் சீட்டும் ஒன்றுதான். கடைசி வயலுக்கு முதல் சீட்டு என்பது, ஊருக்கெல்லாம் வாய்க்காலை நனைத்துக் கொடுக்கும் வேலை. நாச்சியப்பன் ஏன் அவ்வளவு விரைவாகக் கை தூக்கினார் என்பது இருபத்தாறு ஆண்டு தீர்ப்புச் சொன்னவருக்குப் பொட்டலின் நடுவில்தான் புரிந்தது.

ஏழு மணிக்கு, கண்ணுக்குத் தெரியாத தொலைவில், வேலாண்டி மடையை மூடினார். மாசிலாமணி அதைத் தண்ணீரிடமிருந்து அறிந்தார். பின்னாலிருந்து தள்ளுவார் இல்லாமல் அதன் தலை தளர்ந்தது. இன்னும் கொஞ்சம் ஊர்ந்தது, பிறகு நின்றது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் அதை உறிஞ்சிக்கொண்டது. நுரை மட்டும் ஒரு கோடாக மிஞ்சியது.

நூறு தப்படிக்கு அப்பால் இருளாயி மண்வெட்டியோடு தம் வரப்பில் நின்றிருந்தார்.

அவர் அருகில் வந்து, நுரைக் கோட்டைப் பார்த்தார்.

“இது வரைக்கும் வந்துருச்சே. போன தடவை புளியமரத்தோட நின்னுக்கிச்சு.”

மாசிலாமணி இன்னும் குனிந்தே இருந்தார். இருளாயியே பேசினார்.

“முன்னெல்லாம் எச்சத் தண்ணி வரும் சாமி. அடுத்தவங்க விட்டது. இப்ப எனக்குன்னு தண்ணி இருக்கு. அதுதான் வரல.”

“சீட்டு எடுத்த அன்றே உங்களுக்குத் தெரியுமா?”

“வாய்க்காலைப் பார்த்த யாருக்கும் தெரியும்.”

“ஏன் சொல்லவில்லை?”

“நீங்க அம்புட்டுச் சந்தோசமா இருந்தீங்க.”

பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் இருந்தது. அடுத்த பாய்ச்சலிலும் நீர் சேராவிட்டால் மணி கட்டாமல் சாவியாகிவிடும் என்று, மழை வரும், வராது என்று சொல்வதுபோல இருளாயி சொன்னார். மாசிலாமணியின் நாக்கு வறண்டிருந்தது. குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருளாயி தயங்கினார். அவர் குடத்துத் தண்ணீரை மாசிலாமணியின் தெருக்காரர்கள் யாரும் குடித்ததில்லை. மாசிலாமணி கையை நீட்டியபடியே நின்றார். பிறகுதான் இருளாயி செம்பில் மொண்டு கொடுத்தார்.

அன்று மாலையே மாசிலாமணி ஊரைக் கூட்டினார். கண்டதைச் சொன்னார். தண்ணீர் வயலைத் தொட்ட நொடியிலிருந்து நேரத்தைக் கணக்கிட வேண்டும் என்றார். யாரும் ஒப்பவில்லை. தமக்கு விழுந்திருந்த கடைசிச் சீட்டை இருளாயிக்குக் கொடுத்துவிட்டு முதல் சீட்டைத் தாம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மாசிலாமணியின் சொந்த வயல் மடையிலிருந்து இரண்டாவது. கூட்டம் நாச்சியப்பன் முகத்தைப் பார்த்தது.

“சீட்டை மாத்தக் கூடாதுன்னு எழுதினது யாரு?” என்று அவர் அமைதியாகக் கேட்டார். “நீங்க எழுதினதை நாங்க மதிக்கிறோம், நடுவரய்யா. நீங்களும் மதிக்கணும்ல?”

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். இன்று இவருக்கு மாற்றினால் நாளை நாச்சியப்பன் தங்கள் சீட்டையும் மாற்றி வாங்கிக்கொள்வார் என்று அஞ்சியவர்களே அவர்களில் மிகுதி. அந்த அச்சத்தை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததும் மாசிலாமணி எழுதிய சட்டந்தான்.

மறுநாள் அவர் தையல்நாயகியிடம் போனார். ஊரை விட்டுப் போய்விடலாம் என்று இருப்பதாகச் சொன்னார்.

“நான் எழுதியதே என் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கூட்டம் இருக்கிறது. மனிதரை நம்புகிறவனுக்கு ஏன் அம்மா மனிதர் இல்லை?”

தையல்நாயகி திருப்பிக் கேட்டார்.

“உங்கள் சட்டத்தில் நண்டு வளையைப் பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறீர்களா?”

அவர் யோசித்துப் பார்த்தார். “இல்லை.”

“வெடிப்பைப் பற்றி?”

“இல்லை.”

“அப்படியானால் அவற்றை அடைப்பதற்குத் தடை ஏதும் இல்லை” என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறம் சாத்தியிருந்த மண்வெட்டியைக் கண்ணால் காட்டினார்.

மூன்றாம் பாய்ச்சலுக்கு எட்டு நாட்கள் இருந்தன. மாசிலாமணி பொட்டலுக்குப் போனார். கண்மாய் ஓரத்துக் களிமண்ணைக் கூடையில் சுமந்து வந்து, தண்ணீர் தெளித்து மிதித்து, வெடிப்புகளில் இட்டு நிரப்பினார். முதல் நாள் பத்துத் தப்படி தூரமே முடிந்தது. உள்ளங்கை கொப்பளித்தது. மறுமுனையிலிருந்து இருளாயி அடைத்துக்கொண்டு வந்தார். இருவருக்கும் இடையே பொட்டல் நீண்டு கிடந்தது. பேச்சுக் கேட்கும் தொலைவில் அவர்கள் இல்லை. வெயிலில் குனிந்து நிமிரும் ஓர் உருவமாக அவர் இவருக்குத் தெரிந்தார். இவரும் அவருக்கு அப்படித்தான் தெரிந்திருப்பார்.

நாச்சியப்பன் ஒரு நாள் அந்தப் பக்கமாகப் போனார். “நடுவரய்யா நண்டுக்கும் தீர்ப்புச் சொல்ல வந்துட்டாரு” என்று உடன் வந்தவரிடம் சொன்னது இவர் காதில் விழுந்தது. புளியமரம் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. மரத்துக்கு இப்பால் யாரும் வரவில்லை.

ஆறாம் நாள் காலை, மாசிலாமணிக்குப் பின்னால் மண்வெட்டி இறங்கும் ஓசை கேட்டது. வேலாண்டி.

“மடை திறக்கிறதும் மூடறதும்தான் என் வேலை” என்றார் வேலாண்டி, அவரைப் பார்க்காமல். “இது என் வேலை இல்ல.”

சொல்லிவிட்டு அன்று பொழுதுசாயும்வரை வெட்டினார். மறுநாளும் வந்தார்.

மூன்றாம் பாய்ச்சலன்று ஆறு மணிக்கு மடை திறந்தது. திறந்தவர் மடையைவிட்டு நகர முடியாது. மாசிலாமணி தண்ணீரோடு தனியாக நடந்தார். தண்ணீர் புளியமரத்தைத் தாண்டியது. மிதித்த களிமண்மேல் தண்ணீர் தயங்கவில்லை. அடைக்காமல் விட்ட வளைகள் சில இருந்தன. அவற்றில் அது இறங்கி ஏறும்போதெல்லாம் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முன்பு பார்த்ததுபோல் இல்லை. நோயாளியின் அருகே இருப்பவர் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஆறு மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்கு அது இருளாயியின் வயல் வாய்மடையைத் தொட்டது.

இருளாயி குனிந்தபடியே, “அண்ணே, அங்கனயே நில்லுங்க. கரையில கால் வைக்காதீங்க, ஈரமா இருக்கு” என்றார்.

மாசிலாமணி நின்றார். தம்மைத்தான் சொல்கிறார் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

இருபத்திரண்டு நிமிடம் நீர் பாய்ந்தது. மடையை மூடிய பிறகு வாய்க்காலில் கிடந்ததும் வடிந்து வந்தது. வயலில் பாதி நனைந்தது. பாதிக்கு அப்பால் மண் வெளுத்தே கிடந்தது. இருளாயி அந்த எல்லையில் போய் நின்று, ஈரத்தைக் காலால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட முயன்றார். அது போகவில்லை.

உச்சிப்பொழுதுக்கு முன் மாசிலாமணி குன்றடி வீட்டை அடைந்தார். மண்வெட்டியைக் கழுவி, இருந்த இடத்தில் சாத்தினார். தையல்நாயகி முறத்தோடு அமர்ந்திருந்தார்.

“பாதிதான் நனைந்தது, அம்மா.”

“மறுபாதி?”

“சாவியாகும்.”

தையல்நாயகி முறத்தை ஒரு முறை புடைத்தார்.

“அடுத்த ஆண்டு சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்பேன். மாற்ற மாட்டார்கள்.”

“கேளுங்கள்.”

மாசிலாமணி சுவரைப் பார்த்தபடி இருந்தார். படங்கள் இருந்த சதுரங்கள் வெறுமையாகத் தெரிந்தன.

“யார் பார்ப்பது என்று அன்று நான் கேட்டதற்கு நீங்கள் விடை சொல்லவில்லை” என்றார். “இரண்டு முறை அந்தப் பொட்டலைக் கடந்தேன். மேலே யாரும் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. தனியாகவே நடந்தேன், அம்மா.”

தையல்நாயகி முறத்தைக் கீழே வைத்தார்.

“முதல் பாய்ச்சலில் தண்ணீர் தனியாக நடந்தது, ஐயா.”